ஒரு பாம்பு, இரண்டு சிரட்டை

அந்த மில்லுக்குள் போகும் வாசலில் தினமும் காலையில் ஒரு கேள்வி கேட்பார்கள். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், வெள்ளைக் கோட்டும் முகமூடியும் போட்ட ஒரு சிங்களப் பெண் நிற்பாள். சுத்தத்துக்குப் பொறுப்பானவள். எல்லாரும் அவளை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். முதலில் நகத்தைப் பார்ப்பாள். பிறகு கையைப் புரட்டி, புண்ணோ வெட்டுக்காயமோ இருக்கிறதா என்று பார்ப்பாள். கடைசியில் தனக்கு வரும் தமிழில், “வயிறு நல்லா?” என்று கேட்பாள். “நல்லம் மிஸ்” என்று சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டும்.

நான் அங்கே வேலை செய்த காலத்தில் ஒருவர்கூட வேறு பதில் சொல்லிக் கேட்டதில்லை. சொன்னால் அந்த இடத்திலேயே திரும்ப வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் மலம் கொடுத்துச் சோதித்து, கிருமி இல்லை என்று துண்டு கொண்டுவந்தால்தான் மறுபடி உள்ளே விடுவார்கள். அதுவும் பழைய ஆட்களை. புதிய ஆள் துண்டோடு வந்து நிற்கும்போது அவனுடைய இடத்தில் இன்னொருவன் வேலை செய்துகொண்டிருப்பான். அதனால் எல்லாருடைய வயிறும் வருடம் முழுக்க நல்லமாகவே இருந்தது.

தேங்காயைத் துருவிக் காயவைத்துக் கப்பலில் அனுப்பும் மில் அது. புத்தளத்திலிருந்து சிலாபம் போகும் பாதையில், தென்னந்தோப்பு கடலை நெருங்கி வரும் ஓரிடத்தில் இருந்தது. சுற்று வட்டாரத்தில் டீசி மில் என்பார்கள். அந்த டீயும் சீயும் எந்தச் சொற்களின் முதலெழுத்து என்று அங்கே வேலை செய்தவர்களில் பலருக்குத் தெரியாது. ஆண்கள் வெளிக் கொட்டகையில் சிரட்டையைத் தட்டிக் கழற்றுவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பருப்பின் மேலிருக்கும் மண்ணிறத் தோலைச் சீவுவார்கள். பிறகு அது கொதிதண்ணீரில் முங்கி, துருவலாகி, சூட்டுக் காற்றடிக்கும் ட்ரையருக்குள் போய், வெள்ளை மணல் மாதிரி மறுபக்கம் கொட்டும். அதைக் கடதாசி மூடைகளில் கட்டுவார்கள். மூடைகளில் எழுத்துப் போடுவது என் வேலை.

அந்த வேலை எனக்கு ஒரு பொய்யால் கிடைத்தது.

தொண்ணூறில் புலிகள் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை வெளியேற்றியபோது நான் ஐந்தாம் வகுப்பு. கற்பிட்டிப் பக்கம் ஒரு கிடுகுக் கொட்டகையில் நடந்த பள்ளிக்கூடத்தில் இன்னும் இரண்டு வருடம் இருந்தேன். இங்கிலீசுக்கு ஆசிரியர் இல்லை. பிறகு உப்பளம், இறால் பண்ணை, உச்சமுனையில் மீன் காயவைக்கும் வாடி, கண்டக்குழியில் படகு என்று திரிந்தேன். எங்கேயும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. போர் முடிந்ததும் பலர் மன்னாருக்குத் திரும்பினார்கள். நானும் போனேன். எங்கள் காணியில் உடைமரம் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. மூன்று மாதம் வெட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அப்போது கண்டக்குழியில் வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு கடலில் ஓடத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் தங்கும் விடுதிகளுக்குப் பெயர்ப் பலகை எழுதிக் கொடுத்தேன். எழுதினேன் என்பதைவிட வரைந்தேன் என்பது சரி. யாராவது கடதாசியில் எழுதித் தந்தால் அதைப் பார்த்து அப்படியே பெரிதாக்குவேன். என் கோடு நேராக இருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் தெரியாது.

மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால், பழைய ஆள் ஒருவர் மில்லின் அலுவலகமான கந்தோருக்கு வந்து, “இவருக்கு நான் நிற்கிறேன்” என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு கந்தோருக்குள் புதியவர் வாய் திறப்பதில்லை. எதைக் கேட்பதானாலும் நின்றவரிடம்தான் கேட்பார்கள். நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். புதியவர் பிழை செய்தால் இரண்டு பேரும் வெளியே. எனக்கு நின்றவர், தோல் சீவும் வரிசையில் மூத்தவரான ஒரு ராத்தா; அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவரும் மன்னாரிலிருந்து வந்தவர். கணவர் ஆழ்கடல் படகில் போவார், வாரக்கணக்கில் வரமாட்டார். அவர்கள் வீட்டுப் பின்பக்கத்துச் சாய்ப்பில்தான் நான் குடியிருந்தேன்.

மனேஜரை மஹத்தயா, அதாவது ஐயா என்றுதான் சிங்களத்தில் கூப்பிடுவோம். மனேஜர் மஹத்தயா சிங்களத்தில் ராத்தாவிடம், “இவருக்கு இங்கிலீஸ் எழுத வாசிக்கத் தெரியுமா?” என்று கேட்டார். ராத்தா என்னைத் திரும்பியும் பார்க்காமல், “நல்லாத் தெரியும்” என்றார்.

வெளியே வந்ததும், “எனக்குத் தெரியாதே ராத்தா” என்றேன்.

“எனக்கும்தான் தெரியாது. அந்த மனிசனுக்கு ஓம் எண்டு ஒரு சொல்லு வேணும், குடுத்தேன். இனி நீ படிச்சுக்க.”

முதல் நாளே சோதனை வந்தது. எழுத்து வெட்டிய பழைய தகடு கறள் பிடித்து நடுவில் உதிர்ந்திருந்தது. அதை மூடையில் வைத்து மை தடவினால் கறுப்புக் குளம்தான் விழும். புதிய தகடு வெட்டச் சொன்னார்கள். இரண்டு சொற்கள். தேங்காய்க்கான சொல்லில் பிரச்சினை இல்லை. அதற்கு முன்னால் வரும் ‘டெசிகேட்டட்’ என்ற சொல்லின் நடு எழுத்துகள்தான் உதிர்ந்துபோயிருந்தன. கிடங்கில் பழைய மூடைகளைத் தேடினேன். ஒன்றில் எஸ் இரண்டு, சீ ஒன்று. இன்னொன்றில் இரண்டும் ஒவ்வொன்று. கந்தோரில் டைப் அடிக்கும் பெண் நிமிர்ந்தும் பார்க்காமல், “டபுள் எஸ், டபுள் சீ நானா” என்றாள். அண்ணன் என்ற பொருளில் முஸ்லிம் ஆண்களை அங்கே நானா என்பார்கள். மூன்று விதமாகச் சொன்னால் எதை வெட்டுவது? பிழையாக வெட்டினால் அந்தப் பிழை ஒவ்வொரு மூடையிலும் என் கையால் விழும். தண்ணி மாதிரி இங்கிலீஸ் தெரிந்தவன் என்று எனக்காக நின்றவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். 

மறுநாள் அரை நாள் கேட்டுச் சிலாபத்துக்குப் போய், டவுன் நூலகத்தில் அகராதி கேட்டேன். நூலகர் தடித்த ஒன்றை மேசையில் வைத்தார். எழுத்து வரிசையில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே போய், கடைசியில் கண்டுபிடித்தேன். எஸ் ஒன்று, சீ இரண்டு. கிடங்கில் பார்த்த எதுவும் சரியில்லை, டைப் அடிப்பவள் சொன்னதும் சரியில்லை. உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் தமிழில் அர்த்தம் போட்டிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அதைப் பார்க்கவில்லை. எனக்கு அன்று எழுத்துதான் வேண்டியிருந்தது.

மறக்காமலிருக்க நானே ஒரு வழி செய்துகொண்டேன். எஸ் பாம்பு. சீ பாதிச் சிரட்டை. ஒரு பாம்பு, இரண்டு சிரட்டை. தகடு வெட்டும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்ததைத் தோல் சீவும் பெண்கள் கேட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் அந்த வரிசையைக் கடந்து நிம்மதியாகப் போனதில்லை.

“இங்கிலீஸ் வருதுடி, காலை மடக்குங்க.”

“தம்பி, இண்டைக்குப் பாம்பு எத்தனை?”

“ஒண்டுதான்டி எப்பவும். சிரட்டைதான் ரெண்டு.”

“எங்கட வீட்டிலயும் ஒரு பாம்பு இரிக்கு. பகல் முழுக்கச் சுருண்டு படுத்துக் கிடக்கும், சோத்துக்கு மட்டும் தலையத் தூக்கும்.”

சிரிப்பில் கத்தி தவறாமல் சீவுவது அவர்களுக்கு மட்டும் முடிந்த காரியம்.

சொல்லின் அர்த்தத்தை மூடை கட்டும் ஒரு வயதான மனிதரிடம் கேட்டேன். இருபது வருடமாக அங்கே இருந்தவர். “கிருமியெல்லாம் செத்துச் சுத்தமானது எண்டு அர்த்தம். அதனாலதான் வெள்ளைக்காரன் பயமில்லாமத் திங்கிறான்” என்றார். பக்கத்தில் நின்றவர்களும் தலையாட்டினார்கள். மில்லில் எல்லாரும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். நானும் நம்பினேன். அவ்வளவு கழுவி, கொதிக்க வைத்து, சுட வைத்த ஒன்றுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை கண்டக்குழிக்குப் போய்ப் பழைய கூட்டாளியின் படகில் அரை நாள் இருந்தேன். வெயிலுக்குப் பீப்பாயிலிருந்த தண்ணீரைக் குடித்தேன். திங்கட்கிழமை காலை வாசலில் மிஸ் கேட்டபோது வயிறு உண்மையாகவே நல்லமாக இருந்தது. அன்று பக்கத்து மாதா கோயிலில் பெருநாள் என்று மூடை கட்டும் ஆட்கள் மூன்று பேர் வரவில்லை. என்னை அங்கே நிற்கச் சொன்னார்கள். குழாய் வாய்க்குக் கீழே மூடையைப் பிடித்து, பாதி நிரம்பியதும் கையால் அமுக்கி, மீண்டும் பிடிக்க வேண்டும். கையுறை தந்தார்கள். என் கைக்கு அது பெரிது, கடதாசி வழுக்கியது. கழற்றி இடுப்பில் செருகினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என்னோடு மூடை பிடித்தவனும் அப்படித்தான் செருகியிருந்தான்.

பத்து மணியளவில் வயிறு முறுக்கியது. கக்கூசுக்கு ஓடினேன். திரும்பி வந்து சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். அரை மணித்தியாலத்தில் மறுபடியும். இந்தத் தடவை சவர்க்காரப் போத்தல் காலியாக இருந்தது. புதியது கேட்கப் போனால் எதற்கு இத்தனை தடவை என்று கேள்வி வரும். உள்ளேயிருந்து, “நானா, கெதியா! கொட்டுது!” என்று கத்தினார்கள். வெறும் தண்ணீரில் கையை அலசி, சாரத்தில் துடைத்துக்கொண்டு போய் மூடையைப் பிடித்தேன். பாதி நிரம்பியது. அமுக்கினேன். துருவல் இளஞ்சூடாக, காய்ந்து, விரலிடுக்கில் ஏறியது. அன்று இன்னும் இரண்டு தடவை போய் வந்தேன்.

பின்னேரம் வீட்டில் ராத்தா எலுமிச்சம் பிழிந்த பிளேன்டீயைச் சாய்ப்பு வாசலில் வைத்தார்.

“எப்ப தொடங்கினது?”

“பத்து மணி இருக்கும்.”

“மில்லில வெச்சா?”

“ஓம் ராத்தா.”

கோப்பையை எடுக்கும்போது என் கையைப் பார்த்தார்.

செவ்வாயும் புதனும் ஆட்கள் குறைவுதான். நான் மூடை கட்டினேன். இரண்டு நாளும் வாசலில் “நல்லம் மிஸ்” என்றேன். வியாழக்கிழமை வயிறு தானாக நின்றது. பெருநாளுக்குப் போனவர்களும் வந்துவிட்டார்கள். நான் என் தகட்டுக்கும் மைக்கும் திரும்பினேன். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மில்லில் ஒவ்வொரு நாள் வேலையும் ஒரு லொட். ஒரு நாள் மூடைகளை இன்னொரு நாளோடு கலக்கமாட்டார்கள். கிடங்கில் சோக்கால் கோடு கிழித்து, தனித்தனியாக அடுக்கி வைப்பார்கள். சில மூடைகளிலிருந்து ஒவ்வொரு கரண்டி எடுத்துக் கொழும்புக்குச் சோதனைக்கு அனுப்புவார்கள். கிருமி இல்லை என்று ரிப்போட் வரும்வரை அந்த அடுக்கு அசையாது. அதற்கு ஒரு வாரம்போல் எடுக்கும். லொட் இலக்கமும் மூடை இலக்கமும் என் எழுத்து. எது திங்கள், எது செவ்வாய், எது புதன் என்று இருட்டிலும் சொல்லுவேன்.

வெள்ளிக்கிழமைகளில் மிஸ் புதிய ஆட்களைக் கூட்டிப் பத்து நிமிடம் கதைப்பாள். அந்த வெள்ளி, கை கழுவுவதைப் பற்றிச் சொன்னாள். இதை வாங்குகிறவர்கள் திரும்பச் சமைப்பதில்லை என்றாள். “கேக் மேலே தூவும். சின்னப் பிள்ளை அப்படியே வாய்க்குள்ள. பெரிய ஆளுக்கு வயித்தால போகும், சரி. சின்னப் பிள்ளை செத்தும் போகும்.”

நான் கையைத் தூக்கினேன். “மிஸ், காஞ்ச சாமான்தானே. அதுல கிருமி இருக்காதுதானே?”

“சாகாது நானா. காஞ்சா தூங்கும். மாசக்கணக்கில தூங்கும். ஈரம் பட்டா எழும்பும்.” “ஏன் கேக்கிறது?” என்றாள்.

“சும்மா மிஸ்.”

எனக்குக் காய்ந்த சாமான்களைத் தெரியும். உப்பளத்தில் நின்றிருக்கிறேன். உச்சமுனையில் கருவாடு போட்டிருக்கிறேன். நன்றாகக் காய்ந்த ஒன்றில் எதுவும் வாழாது என்பதுதான் எனக்குத் தெரிந்த கொஞ்ச விஷயங்களில் உறுதியானது. அதை மிஸ் ஒரு சொல்லில் எடுத்துவிட்டாள். ஆனால் மூடையில் எழுதியிருக்கிறதே, கிருமி செத்தது என்று? என்னிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்தான். சனிக்கிழமை மறுபடி நூலகத்துக்குப் போனேன்.

அகராதியில் இடம் தெரியும், நேரே போய் விரலை வைத்தேன். இந்தத் தடவை தமிழை வாசித்தேன். ஈரம் முற்றிலும் நீக்கப்பட்ட, உலர்த்தப்பட்ட. உணவுப் பொருளைச் சொல்லும்போது: கெடாமல் வைத்திருப்பதற்காக உலர்த்திய. மனிதரையோ எழுத்தையோ சொல்லும்போது: உயிர்ப்பில்லாத, வறண்ட. அதற்கு மேலே, ஈரத்தை உறிஞ்சும் பொருளுக்கான பெயர் ஒன்று, அதே பாம்பும் அதே இரண்டு சிரட்டையும். அவ்வளவுதான். கிருமியைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. சுத்தம் என்றும் இல்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். முன்பக்கத்தையும் புரட்டினேன். நூலகர் வந்து, “வேற ஏதும் தேடுறீங்களா?” என்றார். இல்லை என்று புத்தகத்தை மூடினேன். 

பஸ்ஸில் முன் இருக்கையில் ஒரு பெண் பிள்ளைக்குப் பணிஸ் பிய்த்துக் கொடுத்துக்கொண்டு வந்தாள். அதன் மேலே சீனியும் தேங்காய்ப்பூவும் தூவியிருந்தது. பிள்ளை விரலை நக்கியது. நான் என் இறங்கும் இடத்துக்கு இரண்டு தரிப்பு முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ராத்தா கிணற்றடியில் சீவுகத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார்.

“ராத்தா, நான் மிஸ்ஸிட்ட சொல்லப் போறேன்.”

“என்னத்த?”

“வயித்தால போனதை.”

கத்தி நின்றது. “ஒனக்கு விசரா? ரிப்போட் வரும். கிருமி இருந்தா அதுல தெரியும். இல்லாட்டி இல்லை. ஒனக்கென்ன?”

“ஒரு கரண்டிதான் எடுக்கிறாங்க. நான் கை வெச்ச மூடையில எடுத்தாங்களா எண்டு யாருக்குத் தெரியும்?”

“இந்த மில்லில எத்தனை பொம்பளைங்க வயித்தப் பிடிச்சுக்கிட்டு வந்து சீவியிருக்காங்க தெரியுமா? நானும் வந்திருக்கேன். என்ன நடந்தது?”

“நீங்க சீவினது கொதிதண்ணிக்குள்ள போகுது ராத்தா. நான் தொட்டது காஞ்ச பிறகு. அதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை. மூடையத் தைக்கிறதுதான்.”

ராத்தா கல்லில் தண்ணீரை ஊற்றினார்.

“நீ சொன்னா நானும் வெளியே. அது தெரியும்தானே?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் சொல்லுவாய்.”

“பயமா இருக்கு ராத்தா.”

“எனக்கும்தான் பயம். ஒன்ட பயம் ஒன்னைத் தின்னட்டும். என்ட வீட்டத் தின்ன வேணாம்.”

அன்று முழுக்க அவர் என்னோடு கதைக்கவில்லை. மறுநாள் காலை பஸ் தரிப்பில், பாதையைப் பார்த்தபடியே, “சொல்லுறதெண்டா சொல்லு. ஆனா கந்தோருக்குள்ள நீ வாயத் திறக்காதே. நான் கதைப்பேன்” என்றார்.

வாசலில் மிஸ் நகத்தைப் பார்த்தாள், கையைப் புரட்டினாள். “வயிறு நல்லா?”

“இப்ப நல்லம் மிஸ். போன கிழமை நல்லமில்லை. மூடை கட்டின நாள்ல.”

மிஸ் முகமூடியைக் கீழே இழுத்தாள். நான் அவள் முகத்தை முழுதாகப் பார்த்தது அன்றுதான். என்னைவிட எவ்வளவோ இளையவள். அவளும் பயந்திருந்தாள்.

கந்தோரில் மனேஜர் மஹத்தயா தொலைபேசியில் இருந்தார். கப்பல், துறைமுகம் என்று சிங்களத்தில் சத்தமாகக் கதைத்தார். அவருக்குப் பின்னாலிருந்த ஜன்னலில் லொறி ஏற்றும் இடம் தெரிந்தது. லொறி ஒன்று பின்பக்கமாக வந்து நின்றிருந்தது. ஆட்கள் மூடை தூக்கினார்கள். முதல் மூடையின் இலக்கத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது, அது திங்கட்கிழமை அடுக்கு. அதன் ரிப்போட் அன்று காலையில்தான் வந்திருந்தது, மேசை மேல் கிடந்தது. கிருமி இல்லை என்று வந்ததால்தான் அடுக்கு அசைந்தது.

ராத்தா உள்ளே வந்து எனக்கு முன்னால் நின்றார். மிஸ் விஷயத்தைச் சொன்னாள். மனேஜர் மஹத்தயா தொலைபேசியை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் ராத்தாவைப் பார்த்தார்.

“எப்போதிலிருந்து?”

சிங்களம் எனக்கு நன்றாக விளங்கும். எனக்கு விளங்கும் என்று ராத்தாவுக்கும் தெரியும். அவர் ஜன்னலைப் பார்த்தார். லொறியில் ஒரு மூடை விழுந்த சத்தம் கேட்டது. திங்கட்கிழமை அடுக்கில் பாதி ஏறியிருந்தது.

“செவ்வாய்க்கிழமை” என்றார் ராத்தா. “செவ்வாயும் புதனும். திங்கட்கிழமை நல்லாத்தான் இருந்தான்.”

மனேஜர் மஹத்தயா மூச்சு விட்டார். செவ்வாய், புதன் அடுக்குகளைத் தனியாக எடுத்து எண்ணெய் பிழிய அனுப்பிவிடலாம் என்றார். ரிப்போட் வராதவை, லொறியில் ஏறாதவை. நட்டம்தான், ஆனால் தாங்கக்கூடியது. அவர் எழுதத் தொடங்கினார்.

மிஸ் மட்டும் விடவில்லை. வழக்கத்தை மீறி என்னிடம் திரும்பினாள். தமிழில் கேட்டாள்.

“நானா, செவ்வாயா? திங்கள் இல்லை?”

அந்த ஜன்னலும் லொறியும் எனக்கு நேரே இருந்தன. ராத்தாவின் முதுகு தெரிந்தது. முக்காட்டுக்குக் கீழே தோள் இறுகியிருந்தது. திங்கள் என்று சொன்னால் லொறியை இறக்க வேண்டும், கப்பல் போய்விடும், ராத்தா சொன்னது பொய்யாகும். வெளியே ஒருவன் தலையில் மூடையோடு போனான். நான் வெட்டிய சொல் நேராக, சுத்தமாக, ஒரு எழுத்தும் பிசகாமல் தெரிந்தது.

“செவ்வாய்தான் மிஸ்” என்றேன்.

அவள் மனேஜரிடம், இவன் தானாகவே வந்து சொன்னவன், அதற்காக இந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அவர் சரி என்றார். ராத்தாவுக்கு வேலை போகவில்லை. என்னை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்துத் துண்டு கொண்டுவரச் சொன்னார்கள். துண்டு வந்ததும் பார்க்கலாம் என்றார்கள்.

வெளியே வந்தபோது லொறிக்குத் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுனர் பிளேன்டீ குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவி வைத்தார். உண்மையைச் சொல்ல அதுவரைக்கும் நேரம் இருந்தது. நான் கேற்றடியில் நின்றேன். லொறி என்னைக் கடந்து பாதையில் ஏறி, கொழும்புப் பக்கம் திரும்பியது.

அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் வரவில்லை. மூடைகள் திரும்பி வரவில்லை, கடிதமும் வரவில்லை என்று ராத்தா பின்னாளில் தொலைபேசியில் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. வயிற்றால் போகும் பிள்ளையின் தாய், அதற்குக் காரணம் ஒரு கேக்கின் மேலே தூவிய வெள்ளைத் தூள் என்று எப்படி நினைப்பாள்? நினைத்தாலும் அது எந்தக் கடலோரத்து மூடை என்று யாரைக் கேட்பாள்? மூடை இலக்கங்கள் எனக்கு இன்னும் மனப்பாடம். முதலாவது எது, நான் சவர்க்காரம் இல்லாமல் அலசிக்கொண்டு வந்து பிடித்தது எது என்று.

லொறி போன அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சின்னப் போத்தலில் மலம் கொடுத்தேன். தாதி பெயரை எழுதிக்கொண்டு, வெள்ளிக்கிழமை வந்து துண்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். கிருமி இருந்தால் மருந்து தருவார்கள், இல்லாவிட்டால் அப்படியே வேலைக்குப் போகலாம் என்றாள்.

வியாழக்கிழமை சாய்ப்பைக் கூட்டி, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, ராத்தாவிடம் உச்சமுனையில் ஒரு வாடியில் ஆள் தேடுகிறார்கள் என்றேன். “துண்டு?” என்று கேட்டார். வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். 

வெள்ளிக்கிழமை நான் உச்சமுனையில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தேன். அந்தத் துண்டை நான் இன்றுவரை போய் எடுக்கவில்லை.